புதன்கிழமை விண்ணப்பம்

ஐஸ் கட்டி மாடிப்படித் திருப்பத்தில் இடித்துக்கொண்டு நின்றுவிட்டது. சாக்கு சுற்றிய கட்டியை முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தூக்கி வந்தவர்கள், ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் மூச்சு வாங்கினார்கள்.

"அப்படியே சாய்ச்சுக் கொண்டாங்க. கட்டில்கூட ஏறின படிதான் இது," என்று கீழ்வீட்டு அக்கா மேலேயிருந்து குரல் கொடுத்தார். முழங்கால் வலிக்காரர். தலை போகிற காரியமென்றாலும் கீழே நின்றே கூப்பிடுகிறவர், நேற்று மாலையிலிருந்து எத்தனை தடவை மாடி ஏறி இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது.

கூடத்தில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு இறந்தவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். ஐஸ் கொண்டு வந்த இருவரும் தொழிற்சாலையில் அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள். கட்டியைத் தகரத் தட்டில் இறக்கிவிட்டு, மூத்தவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை சார் தன் கையால தொட்டியில இறக்கிட்டுப் போன அச்சுல உறைஞ்ச கட்டிம்மா இது. வேற கட்டி எடுக்க மனசு வரல," என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். ஏன் சொன்னோம் என்று உடனே அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கூட வந்தவரை இழுத்துக்கொண்டு வேகமாகப் படி இறங்கிவிட்டார். அவள் கட்டியைப் பார்த்தாள். நடுவில் வெள்ளையாக, ஓரமெல்லாம் கண்ணாடியாக இருந்தது. நல்ல கட்டி என்றால் நடுவில் வெள்ளை குறைவாக இருக்க வேண்டும் என்று அவர் என்றைக்கோ சொல்ல ஆரம்பித்ததும், அவள் காது கொடுக்காமல் எழுந்து போனதும் நினைவுக்கு வந்தன.

நகரத்திலிருந்து அவளுடைய அண்ணன் மறுபடி போன் செய்தார்.

"பாப்பா, இங்க கல்லறைத் தோட்டத்துல பேசி முடிச்சிட்டேன். அப்பா அம்மாவுக்குப் பக்கத்துலயே இடம். உன் பாடகர் குழுக்காரங்க எல்லாரும் வராங்க. வண்டி வந்துருச்சா?"

"மத்தியானம் வரும்னாங்கண்ணா."

"நீ ஒண்ணுக்கும் கவலைப்படாத. ஒரு வழியா அந்த ஊரை விட்டு வந்து சேரு." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "இப்படி வரணும்னு யாரு நினைச்சா," என்று போனை வைத்துவிட்டார்.

வண்டியை ஏற்பாடு செய்தது தொழிற்சாலை முதலாளி. வழிக்குத் தண்ணீரும் ரொட்டியும் கட்டி வைத்தது சபைப் பெண்கள். எல்லாரும் ஓடி ஓடிச் செய்தார்கள். அவரை எங்கே அடக்கம் செய்வது என்று மட்டும் அவளை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவள் இந்த ஊரை விட்டுப் போகத் துடிப்பது ஊருக்கே தெரியும். ஆண்டவருக்கும் தெரியும். புதன்கிழமை தவறாமல் அவரிடம் சொல்லிக்கொண்டுதானே இருந்தார்கள்.

அது அவளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நகரத்தில் அவர் வேலை பார்த்த குளிர்பதனக் கிடங்கை மூடிவிட்டார்கள். சாலை முடிந்து கடல் தொடங்குகிற இந்த ஊரில்தான் அடுத்த வேலை கிடைத்தது. "ஒரே ஒரு வருஷம். அப்புறம் பார்த்துக்கலாம்," என்றார். கணவன்மார்களின் 'அப்புறம்' எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? பிள்ளை குட்டி இல்லாத வீடு. இரண்டு பேர் பெட்டி கட்ட எத்தனை நேரமாகும் என்று கிளம்பி வந்துவிட்டார்கள்.

ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிக்கூடம், ஜன்னல் கம்பியைத் தின்கிற உப்புக் காற்று, முதுகுக்குப் பின்னால் ஒரு மலை. இவ்வளவுதான் ஊர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நகரத்துக் கோயிலின் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடியவள் அவள். இங்கே சபையில் முப்பது பேர். முப்பது பேரும் ஆளுக்கொரு சுருதியில் பாடினார்கள். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். வீட்டில் பாதி அட்டைப் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. எப்படியும் போகப் போகிறோம், எதற்குப் பிரித்துக் கட்டிக்கொண்டு?

அவரோ வந்த இரண்டாவது சனிக்கிழமையே மலை ஏறுகிற கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார். மருந்துக்கடை அம்மா, தபால்காரர், படகு மெக்கானிக், இன்னும் நாலைந்து பேர். சபை ஆட்கள்தான். காலையில் கிளம்பி, கடல் பக்கமாகவே வளைந்து போகிற பாதையில் உச்சி வரைக்கும் நடந்து, அங்கே வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு இறங்குவார்கள். முதல் வாரம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி வந்தார்.

"மேல இருந்து பார்த்தா என்னவெல்லாம் தெரியுது தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அவள் குழாயைத் திறந்து பாத்திரம் துலக்கத் தொடங்கினாள். அடுத்த வாரமும் ஆரம்பித்தார். அடுத்த வாரமும் குழாய் திறந்தது. ஒரு மாதத்துக்குள் ஷூவோடு சேர்த்து மலையையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரக் கற்றுக்கொண்டார்.

அந்த நாட்களில்தான் ஒரு புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் போதகர், "புதுசா வந்திருக்கிற சிஸ்டருக்கு ஏதாவது விண்ணப்பம் இருக்கா?" என்று கேட்டார். அன்று காலையிலிருந்து வீட்டில் தண்ணீர் வரவில்லை. காற்றில் துணியெல்லாம் தெருவுக்குப் போய்விட்டது. எரிச்சல் நாக்கு நுனியில் இருந்தது.

"நாங்க சீக்கிரம் எங்க ஊருக்கே திரும்பிப் போகணும்னு ஜெபம் பண்ணிக்கோங்க," என்றாள்.

நகரத்துச் சபையாக இருந்தால் அடுத்த வாரமே மறந்திருப்பார்கள். அங்கே விண்ணப்பம் வைப்பதற்கே வரிசையில் நிற்க வேண்டும். இந்தச் சபையின் வழக்கம் அவளுக்குத் தெரியாது. இங்கே ஒரு விண்ணப்பத்தைக் கையில் எடுத்தால், வைத்தவர் தன் வாயால் 'போதும்' என்று சொல்லும்வரை அதை விட மாட்டார்கள். அடுத்த புதன் மருந்துக்கடை அம்மா அதற்காக ஜெபித்தார். அதற்கடுத்த புதன் தபால்காரர். இப்படி ஆள் மாறி ஆள், வாரம் மாறி வாரம். படகு மெக்கானிக்குக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "வந்த வழியே இவங்களைத் திருப்பி அனுப்பி வையும் ஆண்டவரே," என்று கூரை அதிரக் கேட்பார். கேட்கிறவர்களுக்கு, இந்த ஆள் இவர்களை ஊரை விட்டே விரட்டுகிறாரோ என்று தோன்றும். அவளுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றுகொண்டு அவரும் ஆமென் சொல்வார்.

முதலில் அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. தான் சொல்லிக் காட்ட வேண்டியதை ஊரே சொல்லிக் காட்டுகிறதே என்ற திருப்தி. நாலாவது வருஷம் அவளுடைய அண்ணன் நகரத்திலேயே அவருக்கு ஒரு வேலை பார்த்துச் சொன்னார். "நீ சொன்னா போவோம்," என்றார் இவர். அவள் வாடகை அதிகம் என்றாள், பஸ் மாறிப் போக வேண்டும் என்றாள், பார்க்கலாம் என்றாள். வேலை கைமாறிப் போனது. தான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை. அதே வாரம் புதன்கிழமை, ஊருக்குத் திரும்பும் விண்ணப்பத்துக்கு மற்றவர்களோடு சேர்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாம் என்று சொன்னால் தோற்றுப் போனதாக ஆகிவிடும். அவளைப் போல வீம்பு பிடிக்க அந்த ஊரில் ஆள் கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் கூட்டம் முடிந்து ஒரே குடையில் நடந்து வந்தார்கள்.

"அந்த விண்ணப்பத்தை எடுத்துடலாமா?" என்று கேட்டார்.

"ஏன், உங்களுக்கு இங்கேயே வேர் விட்டுருச்சா?"

"சும்மா கேட்டேன்," என்றார். குடையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

சரி என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து அதையேதான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.

மலைக் கூட்டத்தார் வந்தார்கள். எல்லாரும் நேற்று அவரோடு நடந்தவர்கள். மருந்துக்கடை அம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருந்தாரு சிஸ்டர். இறங்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவா வந்தாரு. என்ன பிரதர்னு கேட்டேன். பசின்னாரு. நான் ஒரு நாடி பிடிச்சுப் பார்த்திருக்கலாம்."

"என்கிட்டயும் ஒண்ணும் சொல்லல," என்றாள்.

சொல்லியிருப்பாரோ என்னவோ. நேற்று வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு உள்ளே நடந்தவரிடம், "கால்ல இன்னும் மண்ணு ஒட்டியிருக்கு, இப்பத்தான் தரையைத் துடைச்சேன்," என்றாள். அவர் திரும்பிப் போய் மறுபடி கழுவினார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று படுத்தார். சாப்பிட எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. அவர் பாதம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதைப் பார்க்க முடியாமல்தான் அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வண்டி வருவதற்குள் அவருக்குப் போட ஒரு நல்ல சட்டை வேண்டும் என்றார்கள். நல்ல துணிகள் பிரிக்காத பெட்டியில் இருந்தன. பெட்டிகள் படிக்கட்டுக்கு அடியில். அவள் இறங்கிப் போனாள். பாதிப் படியில் படகு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். ஒரு படகு இஞ்சினை ஒற்றை ஆளாகப் புரட்டிப் போடுகிற உடம்பு. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தது.

"என்ன பிரதர், இங்க வந்து உட்கார்ந்துட்டீங்க?"

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. "நீங்க என்னை மன்னிக்கணும் சிஸ்டர்."

"எதுக்கு?"

"போன புதன் என் முறை. இத்தனை வருஷமா கேக்குறோம், இழுத்துக்கிட்டே போகுதேன்னு எனக்கு ஒரு ரோஷம். 'இந்த மாசம் தாண்டக் கூடாது ஆண்டவரே, இவங்களை ஊர் கொண்டு போய்ச் சேர்த்துடும்'னு கொஞ்சம் அழுத்திக் கேட்டுட்டேன். நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க. இப்படிக் கொண்டு சேர்ப்பார்னு நான் நினைக்கல. உங்க வீட்டுக்காரரை, எங்க அண்ணனை, நான்தான்..."

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள். இப்போது அந்த மனிதரை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியைப் பிரிக்கப் போக அவளால் முடியவில்லை. அவருக்கு மேல் படியில் உட்கார்ந்தாள்.

"உங்க ஜெபத்துனால இல்ல பிரதர்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானே அதைக் கேக்கல. ரொம்ப நாளா கேக்கல."

அவர் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஊருக்குப் போகணும்னு வாய்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. மனசு அதை எப்பவோ விட்டுருச்சு," என்றாள். சொன்ன பிறகுதான் அது அவ்வளவும் நிஜம் என்று அவளுக்கே தெரிந்தது.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க விட்டிருப்போமே. நாங்க பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இருந்தோம்."

"அவர்கிட்டயே சொல்லல."

"அண்ணனுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

மெக்கானிக் மூக்கை உறிஞ்சினார். கீழே தெருவில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

அவள் சட்டை எடுக்காமல் மேலே திரும்பினாள். கூடத்தில் போதகர் வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வழிப் பயணத்துக்கான ஜெபம்.

"ஐயா, அவரை இங்கேயே வைக்க முடியுமா?"

போதகருக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை. "எங்க சிஸ்டர்?"

"இந்த ஊர்ல. நம்ம கல்லறையில."

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போதகர் புத்தகத்தில் விரலை வைத்து மூடினார். "துக்கத்துல ஒரு முடிவு எடுத்துட்டுப் பின்னால வருத்தப்படக் கூடாதும்மா. எத்தனை வருஷமா நாம எல்லாரும் சேர்ந்து கேட்டது..."

"அந்த விண்ணப்பம் போதுங்க ஐயா."

அவர் தலையசைத்தார். அவளுக்குத்தான் இன்னொரு சங்கடம் இருந்தது. நகரத்துச் சபையிலிருந்து பெயரை மாற்றிக்கொள்ள அவள் கடைசி வரை சம்மதிக்கவில்லை. "நாங்க இந்தச் சபையில உறுப்பினர்கூட இல்லையே," என்றாள் மெதுவாக.

"அதையெல்லாம் அப்புறமா எழுதிக்கலாம்," என்று மருந்துக்கடை அம்மா எழுந்தார். "முதல்ல குழி வெட்ட ஆள் அனுப்புங்க ஐயா. பாறை இடம். இப்பவே ஆரம்பிச்சாத்தான் வெளிச்சம் இருக்கும்போதே முடியும்."

வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணனுக்கு அவளே போன் செய்தாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா பாப்பா? இங்க எல்லாம் தயாரா இருக்கு. நான் இப்பக் கிளம்பினாலும் வந்து சேர விடிஞ்சிடுமே."

"நாளைக்கு வாங்கண்ணா. உடம்பு நாளைக்கு வரைக்கும் தாங்காது, இன்னிக்கே அடக்கம் பண்ணிடறோம்."

"அந்த ஊரைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டேதானே இருந்த?"

"ஆமாண்ணா. கரிச்சுக் கொட்டிக்கிட்டேதான் இருந்தேன்."

"அவரு முகத்தை நான் பார்க்க முடியாதா?" என்று கேட்டார். மன்னிச்சிடுங்கண்ணா என்றாள்.

கல்லறைத் தோட்டம் மலையின் இடுப்பில் இருந்தது. வண்டி போகாது. சனிக்கிழமைப் பாதையில் பாதி தூரம் நடந்துதான் போக வேண்டும். சவப்பெட்டியை மலைக் கூட்டத்தாரே தூக்கினார்கள். அந்தப் பாதையில் எந்தக் கல் ஆடும், எங்கே சறுக்கும் என்று அவர்கள் கால்களுக்குத் தெரியும். மெக்கானிக் முன்பக்கம் தோள் கொடுத்தார். கீழ்வீட்டு அக்கா மட்டும் முழங்காலைக் காட்டி, "நான் வீட்டைக் கழுவி வைக்கிறேன், நீ போயிட்டு வாம்மா," என்று நின்றுவிட்டார்.

ஆறு வருஷமாக ஜன்னலைத் திறந்தால் எதிரே நிற்கிற மலை. அதன் மேல் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. வீட்டுச் செருப்போடு வந்துவிட்டாள். சரளைக் கல்லில் அது வழுக்கியது. மருந்துக்கடை அம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா ஏறுங்க. இந்த ஏத்தம்தான் கஷ்டம். இதைத் தாண்டிட்டா மேல லேசு."

"அவரு எப்படி ஏறுவாரு?"

"பேசிக்கிட்டே ஏறுவாரு. பேச்சு நின்னா மூச்சு வாங்குதுன்னு அர்த்தம்."

எதைப் பற்றிப் பேசுவார் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. வீட்டில் பேச விடாததை எல்லாம் இங்கே பேசியிருப்பார். அவளுக்குத் தெரியாத ஒரு மனிதர் வாரா வாரம் இந்த வழியாக நடந்து போயிருக்கிறார்.

ஒரு திருப்பத்தில் பாதை அகலமாகித் தட்டையான பாறை ஒன்று வந்தது. தோள் மாற்றுவதற்காகப் பெட்டியை அதன் மேல் இறக்கினார்கள். தபால்காரர் உடனே உட்கார்ந்துவிட்டார். குள்ளமாக, குண்டாக, ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்துவிடுவதால் அவருக்கு மைல்கல் என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததே அவள் கணவர்தானாம். மைல்கல் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கதான்க்கா அண்ணன் நிப்பாரு," என்றார்.

"எதுக்கு?"

"உங்களைப் பார்க்கத்தான்."

அவள் திரும்பினாள். கீழே ஊர் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. கோயில் கூரை, ஐஸ் தொழிற்சாலையின் தகரம், கடைத்தெரு, அதற்கு இந்தப் பக்கம் அவர்கள் வீட்டு மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டியின் மூடிகூடத் தெரிந்தது.

"நீங்க துணி காயப்போட மாடிக்கு வர்ற நேரமாம் அது. அதுக்குன்னே எங்களை எல்லாம் லேட்டாக் கிளம்ப வைப்பாரு. இந்தப் பாறை மேல ஏறி நின்னுக்கிட்டுக் கையை ஆட்டுவாரு. தொப்பியைக் கழட்டி ஆட்டுவாரு. 'என்னண்ணே, அக்கா நிமிர்ந்தே பார்க்க மாட்டேங்கறாங்க'ன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். 'அவளுக்கு மலை பிடிக்காதுப்பா'ம்பாரு. ஆனா அடுத்த வாரமும் நிப்பாரு."

"நேத்து?"

"நேத்தும்தான்."

மருந்துக்கடை அம்மா அவரை முறைத்தார். மைல்கல் எழுந்து பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போனார். மெக்கானிக் ஒரு குரல் கொடுக்க, பெட்டி மேலே எழும்பியது. கூட்டம் திருப்பத்தைத் தாண்டி நடந்தது. "வரேன், நீங்க போங்க," என்று அவள் மருந்துக்கடை அம்மாவின் கையை விடுவித்துக்கொண்டாள்.

கீழே மொட்டை மாடியில் கீழ்வீட்டு அக்கா நின்றிருந்தார். நேற்று அவள் காயப்போட்டு, யாரும் எடுக்காமல் ராத்திரியெல்லாம் காற்றில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். அவள் கணவரின் வேலைச் சட்டை, நீலம். கிளிப்பைக் கழற்றி, சட்டையை ஒரு தடவை உதறி, நெஞ்சோடு சேர்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அவள் கையை உயர்த்தினாள். முதலில் தோள் வரைக்கும். பிறகு தலைக்கு மேலே. ஆட்டினாள்.

கீழ்வீட்டு அக்கா அடுத்த துணிக்குக் கையை நீட்டினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.